பழைய கேம் கட்சீன்களை மூலத்திலிருந்து எடுத்துத் தரம் கூட்டுவது: முழுமையான வழிகாட்டி

டெக்கன் 3 முடிவுக் காட்சிகளையோ ஸ்டார்கிராஃப்ட் கட்சீன்களையோ (கேமின் நடுவில் ஓடும் கதைக் காட்சிகள்) யூடியூபில் தேடினால் ‘4கே’ என்று பெயர் போட்ட வீடியோக்கள் வரிசையாக வரும். திறந்து பார்த்தால் முகங்களில் தோலே இல்லாத வழவழப்பு, நெளிந்துபோன எழுத்துகள், ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறும் கண்கள். குறை ஏஐயில் மட்டும் இல்லை. ஒருவர் எமுலேட்டர் (பழைய கருவியின் கேமைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) திரையை ரெக்கார்ட் பண்ணியிருப்பார், அதை யூடியூப் சுருக்கியிருக்கும், இன்னொருவர் அதை இறக்கி அதன் மேல் ஏஐ ஓட்டியிருப்பார். ஃபோட்டோகொப்பியை மறுபடி ஃபோட்டோகொப்பி எடுத்துப் பெரிதாக்கியது போன்ற வேலை அது.

இந்த வேலையில் முக்கால் பங்கு, சிடியில் இருக்கிற வீடியோவை ஒரு பிட் கூடக் குறையாமல் வெளியே எடுப்பதுதான். அதைச் சரியாகச் செய்தால், ஏஐ இல்லாமலே யூடியூபில் இருப்பதை விட நல்ல படம் கிடைக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் எடுப்பதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதலில்: அது வீடியோ தானா?

எல்லாக் கட்சீனும் வீடியோ கோப்பு இல்லை. ஜிடிஏ வைஸ் சிட்டியில் டொமி வெர்செட்டி பேசும் காட்சிகள் எல்லாம் கேம் இன்ஜினே அந்த நேரத்தில் வரைபவை. அந்த கேமின் மூவிஸ் ஃபோல்டரில் இருப்பவை லோகோவும் தொடக்கத் தலைப்பும் மட்டும்தான். இப்படிப்பட்ட காட்சிகளுக்கு எடுப்பதற்கு ஒன்றுமில்லை. கேமின் ரெசொல்யூஷனைக் கூட்டி, அல்லது எமுலேட்டரில் உள் ரெசொல்யூஷனை நான்கு மடங்காக்கி, ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் உயர்ந்த பிட்ரேட்டில் ரெக்கார்ட் பண்ணினால் போதும். எந்த ஏஐயும் அதற்குக் கிட்ட வராது.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: கேமில் ஆளின் உடையை மாற்றிவிட்டுக் கட்சீனைப் பாருங்கள். உடை மாறியிருந்தால் அது இன்ஜின் வரைவது. கேம் ரெசொல்யூஷனைக் கூட்டியும் காட்சி மங்கலாகவே இருந்தால் அது வீடியோ. இனி வருவதெல்லாம் அந்த வகைக்கு.

உங்கள் கையில் இருக்கும் சிடி எப்படிப்பட்டது?

கொழும்பு வாசகர்களுக்கு இது முக்கியம். தொண்ணூறுகளின் கடைசியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் நம்மில் பலர் யூனிட்டி பிளாசாவிலும் மஜெஸ்டிக் சிட்டியிலும் புறக்கோட்டையிலும் வாங்கியது கொப்பி சிடிகளைத்தான். அவற்றில் ‘ரிப்’ என்ற வகை ஒன்று உண்டு. பெரிய கேமை ஒரே சிடிக்குள் அடைக்க வேண்டும் என்பதற்காக முதலில் வெட்டி எறியப்பட்டவை கட்சீன்களும் பாட்டுகளும்தான். சிலவற்றில் வீடியோவை வெட்டாமல், திரும்பச் சுருக்கி வைத்திருப்பார்கள். அது இன்னும் மோசம், ஏனென்றால் பார்த்தவுடன் தெரியாது.

வீடியோ ஃபோல்டர் காலியாக இருந்தாலோ, கோப்புகள் சில கேபியில் நின்றாலோ, இரண்டு மூன்று சிடியில் வந்த கேம் உங்களிடம் ஒன்றாக இருந்தாலோ, அந்தச் சிடியை விட்டுவிடுங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ யாராவது சொந்தக்காரர் வீட்டு அலுமாரியில் ஒரிஜினல் பெட்டி கிடக்கலாம், கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் கோக் (GOG) போன்ற இணையக் கடைகளில் பழைய பிசி கேம்கள் மலிவாகக் கிடைக்கின்றன. மறுவெளியீடுகளில் சில வீடியோவைத் திரும்பச் சுருக்கியிருக்கும் என்பதால், முடிந்தால் பழைய பதிப்போடு கோப்பு அளவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரே கேம் பல கருவிகளில் வந்திருந்தால் எதில் வீடியோ நன்றாக இருக்கிறது என்றும் தேடுங்கள். பிசி பதிப்பில் 256 நிறத்துக்குள் அடைத்த காட்சி, பிளேஸ்டேஷன் பதிப்பில் முழு நிறத்தோடு இருக்கலாம். அரை நாள் தேடலில் கிடைக்கும் நல்ல மூலம், ஒரு வாரம் ஓடும் ஏஐயை விடப் பயன்தரும்.

சிடியை வாசிப்பது

கொழும்பின் ஈரக்காற்று சிடிக்கு நல்லதல்ல. கடலோரம் இருப்பவர்களின் பழைய சிடிகளில் பூஞ்சைப் புள்ளிகள் சாதாரணம். மென்மையான துணியில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் கொஞ்சம் நனைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தடம் ஓடும் திசையில் ஒரு கீறல் விழுந்தால் டிரைவால் அதைச் சரிக்கட்ட முடியாது. படம் அச்சிட்ட மேல்பக்கத்தையும் கவனமாகப் பிடியுங்கள். சிடியில் தகவலைத் தாங்கும் பளபளப்புப் படலம் அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. கீழ்ப்பக்கக் கீறலை விட மேல்பக்கக் கீறல் ஆபத்து.

வாசிக்கும்போது வேகத்தைக் குறையுங்கள். ஒரு டிரைவில் பிழை வந்தால் வேறு டிரைவில் போடுங்கள், டிரைவுக்கு டிரைவு வித்தியாசம் உண்டு. பிளேஸ்டேஷனின் கறுப்புச் சிடிகளும் சாதாரண கணினி டிரைவில் வாசிக்கும். அந்தக் கறுப்பு நமக்குத்தான் கறுப்பு, டிரைவின் அகச்சிவப்பு லேசர் அதனூடாகப் போய்விடும்.

முதலாவது பிளேஸ்டேஷன் சிடியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கோப்புகளை விண்டோஸில் இழுத்துப் போட்டுக் கொப்பி பண்ணாதீர்கள், ஐஎஸ்ஓ என்ற ஒற்றை இமேஜ் கோப்பாகவும் எடுக்காதீர்கள். சிடியில் தகவல் செக்டர் என்ற சிறு துண்டுகளாக இருக்கும். ஒவ்வொரு செக்டரிலும் மொத்தம் 2352 பைட் இருக்கிறது. சாதாரணக் கோப்புக்கு அதில் 2048 பைட் தரவு. ஆனால் கட்சீனின் ஒலி இருக்கும் செக்டர்கள் பிழைதிருத்தத்துக்கான இடத்தையும் தரவுக்கே எடுத்துக்கொண்டு 2324 பைட்டைப் பயன்படுத்தும். ஐஎஸ்ஓவுக்கு 2048 மட்டுமே தெரியும், மிச்சம் போய்விடும். வீடியோ ஓடும், ஒலி கரகரக்கும் அல்லது வரவே வராது. அதனால் இம்ஜ்பர்ன் போன்ற மென்பொருளில் ‘பின்’, ‘கியூ’ என்ற ஜோடிக் கோப்புகளாக முழுச் செக்டரையும் எடுங்கள். பிளேஸ்டேஷன் 2 டிவிடிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஐஎஸ்ஓ போதும்.

பிளேஸ்டேஷன் 1: வீடியோவை எடுப்பது

இதற்கு ஜேபிஎஸ்எக்ஸ்டெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஜாவா நிறுவியிருக்க வேண்டும். அதை விட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

கியூ கோப்பைத் திறந்தால் அது சிடி முழுவதையும் செக்டர் செக்டராகப் பார்த்து, உள்ளே இருக்கும் வீடியோ, ஒலி, படம் எல்லாவற்றையும் பட்டியல் போடும். அந்தப் பட்டியலைச் சேமித்து வையுங்கள், அடுத்த முறை காத்திருக்கத் தேவையில்லை. வேண்டிய வீடியோவைத் தெரிவு செய்து, வெளியீட்டு வகையாகச் சுருக்காத ஆர்ஜிபி ஏவிஐ என்பதை எடுங்கள். டிகோட் தரத்தை உயர் தரத்தில் வையுங்கள். நிறத் தகவலைப் பெரிதாக்கும் முறைக்கு பைகியூபிக் நல்லது. இந்தக் கடைசித் தெரிவைப் பலர் தொடுவதே இல்லை. பிளேஸ்டேஷன் வீடியோவில் நிறம், ஒளியின் பாதி அகலத்திலும் பாதி உயரத்திலும்தான் பதிவாகியிருக்கும். பழைய சிப் அதைச் சும்மா இரட்டித்துக் காட்டியது. சிவப்பு உடைகளின் விளிம்பில் தெரியும் படிக்கட்டுகள் பெரும்பாலும் அதனால் வருபவை. ஏஐ எதுவும் இல்லாமல் இந்த ஒரு தெரிவிலேயே அவை மென்மையாகிவிடும்.

ஏன் இவ்வளவு கட்டம் கட்டமாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இரட்டை வேகத்தில் பிளேஸ்டேஷன் விநாடிக்கு 150 செக்டர் வாசிக்கும். 37.8 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலிக்கு எட்டில் ஒன்று போனால், 15 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 17 அல்லது 18 கேபி மிஞ்சும். 320க்கு 240 அளவில் சுருக்காத ஃபிரேம் ஒன்று 230,400 பைட். பதின்மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள், அதுவும் ஜேபெக் மாதிரி ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாக. முந்திய ஃபிரேமிலிருந்து எதையும் கடன் வாங்க வழியில்லை. அந்தச் சின்ன இடத்துக்குள் டெக்கன் 3 முடிவுகளை அத்தனை அழகாக அடைத்தவர்கள் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை.

பிசி கேம்கள்

இங்கே இரண்டு பெயர்கள்தான் பெரும்பாலும் வரும்: ஸ்மாக்கரும் பிங்கும். இரண்டும் ராட் கேம் டூல்ஸ் நிறுவனத்தினுடையவை. 1990களின் நடுவில் ஸ்மாக்கர், 1999இல் பிங்க். ஸ்டார்கிராஃப்ட் ஸ்மாக்கர், டயாப்லோ 2 பிங்க். கோப்பின் பின்னொட்டு எஸ்எம்கே என்றோ பிஐகே என்றோ இருக்கும். வெளியே தெரிகிற மாதிரி இருந்தால் எம்பிவி பிளேயரில் இழுத்துப் போட்டாலே ஓடும்.

ஒளிந்திருந்தால் கொஞ்சம் வேலை. பிலிசார்ட் கேம்களின் எம்பிக்யூ பெட்டகங்களுக்கு லாடிக்ஸ் எம்பிக்யூ எடிட்டர். மற்றவற்றுக்கு டிராகன் அன்பேக்கர், அதில் ஹைப்பர் ரிப்பர் என்ற பகுதி பெரிய கோப்புக்குள் வீடியோவின் தொடக்க எழுத்துகளைத் தேடிக் கண்டுபிடித்து வெட்டித் தரும். பின்னொட்டை மாற்றி வைத்த கேம்களும் உண்டு. சந்தேகம் வந்தால் ஹெக்ஸ் எடிட்டரில் கோப்பின் முதல் நான்கு எழுத்துகளைப் பாருங்கள்: பி-ஐ-கே என்று தொடங்கினால் பிங்க், எஸ்-எம்-கே என்றால் ஸ்மாக்கர்.

நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட், 2005இல் வந்தது, அதன் மூவிஸ் ஃபோல்டரில் விபி6 கோப்புகள் இருக்கின்றன. நிஜ நடிகர்களை வைத்து எடுத்த காட்சிகள் என்பதால் பலர் இதைத்தான் முதலில் தேடுவார்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோக் கருவி அதை நேரடியாக வாசிக்கும். வெஸ்ட்வுட் கேம்களின் விக்யூஏ, கேம்கியூபின் டிஎச்பி ஆகியவற்றையும் வாசிக்கும். பிங்க் 2 மட்டும் விதிவிலக்கு, அதற்கு ராட் வீடியோ டூல்ஸ் வேண்டும். பிளேஸ்டேஷன் 2இன் பிஎஸ்எஸ் கோப்புக்குள் இருப்பது எம்பெக்-2 வீடியோ. ஒலியை பிஎஸ்எஸ் டீமக்ஸ் போன்ற கருவியால் பிரித்து எடுக்க வேண்டிவரும்.

எடுத்ததை எதில் சேமிப்பது? எம்பி4 வேண்டாம். எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லாத கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறை), எம்கேவி கோப்பாக, ஒலியை ஃபிளாக்காகச் சேமியுங்கள். ஆவணக் காப்பகங்கள் பயன்படுத்தும் கோடெக் அது. கட்டளை வரி பழக்கமில்லாதவர்கள் ஹைப்ரிட் என்ற இலவச மென்பொருளில் இதையும், கீழே வரும் பெரும்பாலான வேலைகளையும் பட்டன் அழுத்தியே செய்யலாம். இந்தக் கோப்புதான் உங்கள் மூலப்படி. இனி இதைத் தொடக் கூடாது, இதிலிருந்து பிரதி எடுத்துத்தான் வேலை.

சுத்தம் செய்வது: வரிசை முக்கியம்

இன்டர்லேஸ் நீக்கம், வெட்டு, கட்டம் மழுக்கல், பெரிதாக்கல், விகிதத் திருத்தம், நிறம். இந்த வரிசையை மாற்றினால் ஒரு படியின் பிழையை அடுத்த படி பெரிதாக்கிக் காட்டும்.

ஒரு ஃபிரேமை ஒரு வரி விட்டு ஒரு வரியாக இரண்டு ஃபீல்டுகளாகப் பிரித்து வைப்பதுதான் இன்டர்லேஸ். அந்தச் சிக்கல் பெரும்பாலும் பிளேஸ்டேஷன் 2 வீடியோக்களில் வரும். அசையும் இடங்களில் சீப்புப் பல் போல் கோடுகள் தெரிந்தால் கியூடிஜிஎம்சி ஃபில்டரைப் போடுங்கள். மெதுவானது, ஆனால் தரத்தில் அதற்கு இணை குறைவு. ஃபீல்டு வரிசை தவறினால் படம் முன்னும் பின்னும் துடிக்கும், அப்போது மேல் ஃபீல்டு முதலா கீழ் ஃபீல்டு முதலா என்பதை மாற்றிப் பாருங்கள். கோடுகளே இல்லாத வீடியோவில் இந்த ஃபில்டரைப் போடாதீர்கள், விவரம் வீணாகப் போகும்.

கறுப்புப் பட்டைகளை இப்போதே வெட்டுங்கள். விட்டு வைத்தால் ஏஐ அந்த விளிம்பையும் கூராக்கி ஒளிவட்டம் போடும். சில டாஸ் காலத்து வீடியோக்களில் ஒரு வரி விட்டு ஒரு வரி கறுப்பாக இருக்கும். அப்படியானால் கறுப்பு வரிகளை நீக்கி, பாதி உயரப் படமாக ஆக்கிக்கொள்ள வேண்டும்.

கட்டங்களை மழுக்க டீபிளாக் ஃபில்டரை லேசாக. ‘லேசாக’ என்றால், நிறுத்தி வைத்த ஃபிரேமில் கட்டம் இன்னும் கொஞ்சம் தெரிய வேண்டும், ஓடும்போது தெரியக் கூடாது. கட்டம் முழுதாகப் போகும் அளவுக்குப் போட்டால் முகத்தின் நிழல்களும் கூடவே போய்விடும். ஸ்மாக்கர் வீடியோக்களில் கட்டம் அல்ல, 256 நிறத்தால் வரும் புள்ளி இரைச்சல்தான் பிரச்சினை. அதற்கு டீபிளாக் உதவாது, மெல்லிய டீநாய்ஸ்தான் வேண்டும். அதன் பிறகு வானம், புகை போன்ற இடங்களில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் டீபேண்ட்.

பெரிதாக்குவது

ஏஐயைத் தொடும் முன் ஒரு பத்து விநாடித் துண்டை லான்சோஸ் என்ற, ஏஐ இல்லாத சாதாரணப் பெரிதாக்கல் முறையில் நான்கு மடங்காக்கி வையுங்கள். அதுதான் உங்கள் அளவுகோல். ஏஐ வெளியீடு அதை விட நல்லதாக இல்லையென்றால் ஏஐ தேவையில்லை. துண்டைத் தெரிவு செய்யும்போது ஒரு முகம், கொஞ்சம் எழுத்து, ஒரு இருட்டுக் காட்சி மூன்றும் அதில் இருக்கும்படி பாருங்கள். ஏஐ தடுமாறும் மூன்று இடங்கள் அவை.

இலவசமாக வேண்டுமென்றால் வீடியோ2எக்ஸ், சைனர், ஹைப்ரிட். மாடல்களில் 2021இல் வந்த ரியல்-ஈஎஸ்ஆர்கேன் பரவலாகப் பயன்படுகிறது. காசு கொடுக்கத் தயாரென்றால் டோபாஸ் வீடியோ. எது எடுத்தாலும் மாடல் காட்சிக்குப் பொருந்த வேண்டும். அனிமே மாடலை மோஸ்ட் வான்டட் நடிகர் மேல் ஓட்டினால் அவர் கார்ட்டூன் ஆகிவிடுவார். நிஜ மனிதருக்குப் பழகிய மாடல், தொண்ணூறுகளின் கணினி வரைகலைப் பாத்திரத்துக்கு இல்லாத தோல் சுருக்கங்களைக் கற்பனை பண்ணும்.

என் தீர்மானமான கருத்து இது: ஏஐ வெளியீட்டை அப்படியே எடுக்காமல், லான்சோஸ் படத்தோடு கலந்து எடுங்கள். ஏஐ அறுபது, லான்சோஸ் நாற்பது என்று தொடங்கிப் பாருங்கள். வழவழப்பு குறையும், கண்களின் துடிப்பு அடங்கும், பழைய காட்சியின் முகம் அப்படியே இருக்கும். மேலே மிகச் சன்னமான கிரெய்ன் (மணல் போன்ற புள்ளிகள்) தூவினால் இன்னும் இயல்பாக இருக்கும். 320க்கு 240ஐ நான்கு மடங்காக்கினால் 1280க்கு 960. அங்கேயே நின்றுவிடுங்கள். 4கேக்குப் போக மூலத்தில் தகவல் இல்லை.

கிராஃபிக்ஸ் கார்டில் நினைவகம் நான்கு ஜிபிதான் என்றால் டைல் அளவை (ஏஐ ஒரு தடவையில் எடுக்கும் படத்துண்டின் அளவை) குறைத்தால் ஓடும். மூன்று நிமிட வீடியோ 15 ஃபிரேமில் 2700 படங்கள். சாதாரண லாப்டாப்பில் இரவு முழுக்க ஓடலாம், ஏப்ரல் வெயிலில் பகலில் ஓட்டாமலிருப்பதும் நல்லது. ஒரே வீடியோவாக ஓட்டாமல் பிஎன்ஜி படங்களாக எடுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அப்படியில்லை என்றாலும் ஒரு சின்ன வெட்டு போதும், எழுதிக்கொண்டிருந்த வீடியோ கோப்பு கெட்டுப்போக. படங்களாக இருந்தால் நின்ற இடத்திலிருந்து தொடரலாம். மாடல்களும் மென்பொருளும் பல ஜிபி வரும், பாக்கேஜில் நள்ளிரவுக்குப் பின் தனி டேட்டா இருந்தால் அப்போது இறக்குங்கள்.

15 ஃபிரேமை 60 ஆக்கும் ரைஃப் போன்ற கருவிகளைப் பற்றிக் கேட்பார்கள். நான் போடுவதில்லை. அந்தக் காட்சிகளின் அசைவு 15 ஃபிரேமுக்கென்றே அமைக்கப்பட்டது. வேண்டுமென்றால் கமெரா மெதுவாக நகரும் காட்சிகளில் மட்டும் 30 ஆக்கிப் பாருங்கள். காட்சி வெட்டுகளை அடையாளம் காணும் அமைப்பைக் கட்டாயம் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு முகம் இன்னொரு முகமாக உருகும்.

விகிதம், நிறம், ஒலி

டாஸ் கேம்களின் 320க்கு 200 படம் 4:3 திரையை நிரப்பியது. அதாவது புள்ளிகள் சதுரம் அல்ல, உயரம் 1.2 மடங்கு. அப்படியே விட்டால் எல்லோரும் குட்டையாகத் தெரிவார்கள். நான்கு மடங்காக்கிய 1280க்கு 800 படத்தை 1280க்கு 960 ஆக நீட்டுங்கள். 16:9 திரையை நிரப்பப் பக்கவாட்டில் இழுக்கவே கூடாது.

நிறத்தில் ஒரு மறைவான பொறி இருக்கிறது. பழைய வீடியோக்கள் பல பிடி.601 என்ற பழைய டிவி அளவில் நிறத்தை வைத்திருக்கும். எச்டி அளவுக்குப் பெரிதாக்கியதும் பிளேயர்கள் அதை பிடி.709 என்ற எச்டி நிற அளவு என்று எடுத்துக்கொள்ளும். தோல் நிறமும் புல் பச்சையும் சற்று விலகிப்போகும். கடைசி என்கோடின்போது 709க்கு மாற்றி, கோப்பிலும் அப்படியே குறியுங்கள். கறுப்பு சாம்பலாகவோ, இருட்டு முழுக்க அடைத்தோ தெரிந்தால் முழு வீச்சும் (கறுப்பு 0இல் தொடங்குவது) குறுகிய வீச்சும் (16இல் தொடங்குவது) எங்கோ குழம்பியிருக்கிறது, அதைத் திருத்துங்கள். அதைச் சரிசெய்யாமல் பிரைட்னெஸ்ஸைத் தொடாதீர்கள்.

ஒலியை விட்டுவிடுவது நல்லது. 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், போதும். இரைச்சல் நீக்கிகள் குரலின் மேல் ஓசைகளைத் தின்றுவிடும். ஒத்திசைவை மட்டும் கடைசி நிமிடத்தில் பாருங்கள். 15 என்று இருக்கும் ஃபிரேம் வேகத்தை யாராவது 14.985 ஆக்கிவிட்டால், மூன்று நிமிடத்தில் உதடும் குரலும் 0.18 விநாடி விலகும். அது கண்ணில் படும் அளவு.

கடைசி என்கோட்

பார்ப்பதற்கான பிரதிக்கு எச்.265, 10 பிட், தர அளவான சிஆர்எஃப் 16 முதல் 18 (எண் குறைந்தால் தரம் கூடும்), மெதுவான பிரீசெட். 10 பிட் எடுப்பது இருட்டுக் காட்சிகளில் பட்டை விழாமல் இருக்க. பழைய டிவியில் பென்டிரைவ் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் எச்.264, 8 பிட்.

யூடியூபில் ஏற்றுவதென்றால் 1440 உயரத்துக்குச் சாதாரண முறையில் பெரிதாக்கி ஏற்றுங்கள். அந்த அளவுக்கு அங்கே கூடிய பிட்ரேட் கிடைக்கும். ஆனால் காட்சியின் உரிமை கேம் நிறுவனத்தினுடையது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதற்கும் பொருந்தும். கேமின் பெயர், ஆண்டு, உருவாக்கியவர்கள் பெயரைக் குறிப்பில் எழுதுங்கள். ஏஐ பயன்படுத்தியிருந்தால் எந்த மாடல் என்றும் எழுதுங்கள், பார்ப்பவர் அதை ஒரிஜினல் என்று நினைத்துவிடக் கூடாது.

வேலை முடிந்ததும் பிஎன்ஜி படங்களை அழித்துவிடலாம். சிடி இமேஜையும் எஃப்எஃப்வி1 மூலப்படியையும் அழிக்க வேண்டாம். இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். கூடவே ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எந்தச் சிடி, எந்தப் பதிப்பு, என்ன ஃபில்டர், எவ்வளவு என்று எழுதி, கோப்புகளின் எம்டி5 எண்ணையும் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) போடுங்கள். ஐந்து வருடத்தில் இன்னும் நல்ல மாடல் வரும்போது, அந்த மூலப்படியை எடுத்துச் சுத்தம் செய்யும் படியிலிருந்து தொடங்கினால் போதும்.